பாதிரிக்குடியார் காவல்



மதுரை மாவட்டம் மேலூரை அடுத்து அரிட்டாபட்டி என்னும் ஊர் உளது. அங்குள்ள கழிஞ்சமலைக் குகைத்தளத்தில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. நெல்வேலியைச் சார்ந்த வெளியன் என்பவனும், இலஞ்சி வேளின் மகன் எமயவன் என்பவனும் துறவியர் உறைதற்கு முழை அமைத்தளித்த செய்தியை அவை உரைக்கின்றன. தெற்கே நெடுந்தொலைவிலிருந்து வந்து, பிறர் ஊர்க் குன்றில் அறம் செய்தனர் அவர்கள். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்!

அம்மலையிலேயே தீர்த்தங்கரர் திருமேனி ஒன்று புடைப்புச் சிற்பமாக அமைந்துள்ளது. கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டினது என்பர். மதுரைக் குன்றுகள் பலவற்றிலும் தம் பெயரை விட்டுச் சென்ற அச்சணந்தி முனிவரே இதனையும் செய்வித்தார். உடனுள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு மலையின் பெயரைத் திருப்பிணையன் மலை என்கிறது. பொற்கோட்டுக் கரணத்தார் பேரால் செய்யப்பட்டது என்கிறது. இறுதியில் இத்திருமேனி பாதிரிக்குடியாரின் காவலுக்குரியது என முடிகிறது. அரசன் காவல் என்று எழுதவில்லை. ஊரார் காவல் என்றே எழுதினர். வரலாற்று மாணவர் பலரும் விரைந்து கடந்துவிடும் சொல் அது.

2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் 193.215 ஹெக்டேர் நிலத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. வல்லூறும் தேவாங்கும் எறும்புதின்னியும் வாழும் இடம் என்பதே அறிவிப்பின் முதற்காரணம். உயிர்களுக்கென வந்த அரண் கல்வெட்டுகளுக்கும் அரணாயிற்று. சமணர் வியப்பதற்கு இதில் ஒன்றுமில்லை.

ஈராண்டு கழிவதற்குள், 2024 நவம்பரில், அந்நிலத்தையும் உள்ளடக்கிய 2,015.51 ஹெக்டேர் பரப்பு டங்ஸ்டன் சுரங்கத்திற்கென ஏலம் போயிற்று. ஊர்கள் எழுந்தன. கிராம சபைகள் எதிர்ப்புத் தீர்மானம் இயற்றின. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் உழவரும் மகளிருமாக ஆயிரக்கணக்கானோர் மதுரை நோக்கி நடந்தனர். அம்மாதம் 23ஆம் நாள் நடுவண் அரசு ஏலத்தை இரத்துச் செய்தது.

நடந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் சமணர் அல்லர். அருகன் திருமேனியைப் பாதிரிக்குடியாருக்குப் பின் வந்தவர்கள் காத்தனர்; திருமேனிக்கு உரியவர் எனத்தக்க தமிழ்ச் சமணக் குடும்பங்களோ இன்று வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம் பகுதிகளில் வாழ்கின்றன. அவர்களுள் அம்மலையை ஏறிக் கண்டோர் எத்தனை பேர்?

மலையேற இயலாத முதியோருக்கும் ஒரு பணி உண்டு. சமணப் பள்ளிகளுக்கு விடப்பட்ட நிலம் பள்ளிச்சந்தம் எனப்பட்டது. வயல், ஏரி, பாறை ஆகியவற்றின் வழக்குப் பெயர்களில் அத்தகைய பழஞ்சொற்கள் தங்கியிருக்கக் கூடும். நில ஆவணத்தில் அளவை எண் நிற்கும், பெயர் நில்லாது. அப்பெயர்களை அறிந்தோர் எண்பது வயதைக் கடந்துவிட்டனர். இவ்விழாவுக்கு வந்துள்ள ஒவ்வோர் ஊராரும் தம் ஊர் நிலப்பெயர்களை ஒரு தாளில் எழுதி, எந்த மேட்டுக்கு எத்திசையில் உள்ளது என்ற குறிப்புடன், அறக்கட்டளையிடம் அளித்துச் செல்லலாம். ஜினாலயத் திண்ணையில் தாளும் எழுதுகோலும் வைக்கப்பட்டுள்ளன.