துணைக்குப் போவோம்
(பங்கு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆலயம் வளர்ந்த வரலாற்றைப் பலரும் பேசினார்கள். ஆலயத்துக்கு வெளியே நடக்கும் ஒரு தொண்டைப் பற்றி நாம் சற்றுச் சிந்திப்போம். போர் நடக்கும் நாடுகளில், உயிருக்கு ஆபத்துள்ளவர்களோடு கையில் ஆயுதமின்றித் துணைக்குப் போவதே அத்தொண்டு.

காந்தியடிகள் கனவு கண்ட சாந்தி சேனையை 1957-இல் வினோபா பாவே அமைத்தார். அதே நோக்கத்துடன் 1981-இல் தோன்றிய சர்வதேச சமாதானப் படையணியின் தொண்டர்கள், 1989 முதல் 1998 வரை இலங்கையில், மிரட்டப்பட்ட வழக்கறிஞர்களோடும் தொழிற்சங்கத்தாரோடும் உடன் சென்றார்கள். உலகத் திருச்சபைகளின் மன்றம் 2002-இல் தொடங்கிய திட்டத்தில், கிறிஸ்தவத் தொண்டர்கள் பாலஸ்தீனப் பிள்ளைகளோடு பள்ளிக்கூடம்வரை நடந்தார்கள்.

இவர்களிடம் என்ன பலம் இருக்கிறது? பார்க்கும் கண்தான் பலம். ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கையில் அடிக்கக் கை கூசும். மீறி அடித்தால் உலகத்துக்குப் பதில் சொல்லவேண்டும்.

அதனால்தான் 2008 செப்டம்பரில், இலங்கை அரசின் கட்டளைப்படி ஐ.நா. பணியாளர் வன்னியைவிட்டுப் புறப்பட்டபோது, போகவேண்டாமென்று கிளிநொச்சி மக்கள் மன்றாடினார்கள். அவர்கள் போய்விட்டார்கள். குருக்களும் கன்னியரும் சிலர் மக்களோடு தங்கினார்கள். 2009 மே 18 அன்று, யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் ஜோசப் அடிகளார், வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு தாமும் சென்றார். அவர்கள் பேருந்தில் ஏறியதைக் கண்டதாக உறவினர்கள் சாட்சி சொல்கிறார்கள். அதன்பின் அடிகளாரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

அப்படியானால் துணை போனதில் என்ன பயன்? சிலுவையடியில் நின்ற மரியன்னையாலும் அருளப்பராலும் ஆணியைத் தடுக்க முடியவில்லை. ஆயினும் அவர்கள் விலகவில்லை. நமக்குச் சாட்சி கிடைத்தது. வட்டுவாகலிலும் கண்ணால் கண்டவர்கள் இருந்ததால்தான், "எங்கள் பிள்ளைகள் எங்கே?" என்று குடும்பங்கள் நீதிமன்றத்தில் கேட்க முடிந்தது.

நம் வெள்ளகோவிலில் குண்டு விழவில்லை. ஆனால் தனியாகப் போக அஞ்சுகிறவர்கள் நம் தெருவிலும் உண்டு. பாக்கிக் கூலி கேட்கப் போகும் தறித் தொழிலாளி, அடிபட்டுக் காவல் நிலையம் போகும் பெண், பாஷை தெரியாத வடநாட்டுப் பையன், காங்கயம் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடக்கும் விதவைத் தாய். இவர்களுக்காக வாதாட எல்லாராலும் முடியாது. பக்கத்தில் போய் நிற்க எல்லாராலும் முடியும்.

மரியாயின் சேனையார் வீடு சந்திக்க இருவர் இருவராகப் போகிறார்கள். இயேசுவும் சீடரை அப்படியே அனுப்பினார். ஒவ்வோர் அன்பியத்திலும் இருவர் இதற்கெனப் பெயர் கொடுப்போம். விழாவின் நினைவாக இது நிற்கட்டும். அன்னை மரியாள் நமக்குத் துணை வருவாராக.