அடிச்சாரு டீச்சர்!

(பட்டிமன்றத் தலைப்பு: அன்றாடப் பேச்சில் ஆங்கிலம் கலப்பது வளமே! வறுமையே! இடம்: திருவக்கரை. ‘வளமே’ அணியில் இரண்டாவதாகப் பேசியவர் உரை.)



எதிரணி அண்ணன் பேசினார். ‘தமிழ்ல அடிங்கிற ஒரு சொல் போதும்’னு அடிச்சுப் பேசினார். (சிரிப்பு) உண்மைதாங்க. வெயில் அடிக்குது, காத்து அடிக்குது, வாந்தி அடிச்சா வாடை அடிக்குது. பையன் பரீட்சையில காப்பி அடிக்கிறான். அவங்க அப்பா சுண்ணாம்பு அடிக்கிறாரு, சாயங்காலம் ஆனா தண்ணி அடிக்கிறாரு! (சிரிப்பு, கைதட்டல்)

ஆனா அண்ணே, நீங்க மேடைக்கு வரும்போது கார் டிரைவர்கிட்ட என்ன கேட்டீங்க? ‘அந்தப் படம் ஹிட்டாப்பா?’ன்னு கேட்டீங்க. ஹிட்டுன்னா என்ன? அடி! படம் யாரை அடிச்சுது? டிக்கெட் எடுத்த நம்மளத்தான். (சிரிப்பு) டாக்டர் ஹார்ட் பீட் பாக்குறார். பீட்டுன்னா அடி. போலீஸ்காரர் ராத்திரி பீட்டு போறார், அதுவும் அடி. அடிக்கவே வேணாம், சும்மா நடந்து வந்தாலும் அதுக்குப் பேரு பீட்டுதான். நடிகர் பேசினா பஞ்ச் டயலாக், அது குத்து. பழைய ஸ்கூட்டரை உதைச்சா கிக்கர், அது உதை.

ஸ்ட்ரைக்குன்னு ஒரு சொல். அதுவும் அடிதான். 1768ல லண்டன் துறைமுகத்துல மாலுமிகள் கூலி பத்தாதுன்னு கப்பல் பாயை இறக்கிப் போட்டாங்க. பாயை இறக்குறதுக்கு அந்தத் தொழில்ல ஸ்ட்ரைக்குன்னு பேரு. அதுலேருந்து வேலைநிறுத்தத்துக்கே அந்தப் பேரு வந்துடுச்சு. 1974 மே மாசம் நம்ம நாட்டு ரயிலெல்லாம் நின்னுச்சே, அன்னிக்கு எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் ‘ஸ்ட்ரைக்’னுதான் சொன்னாங்க. கையும் காலும் இழுத்துக்கிட்டா ஸ்ட்ரோக்குங்கிறோம். அதுவும் ஸ்ட்ரைக்கோட கூடப்பிறந்த சொல்தான்.

இந்த ஊருக்குக் கிழக்கே கல்மரப் பூங்கா இருக்கு. 1781லேயே சொன்னரான்னு ஒரு பிரெஞ்சுக்காரர் இதைப் பத்தி எழுதி வச்சார். சுமார் ரெண்டு கோடி வருஷத்துக்கு முந்தின மரம். தொட்டுப் பாத்தா கல்லு, உத்துப் பாத்தா மரத்தோட வரி அப்படியே இருக்கு. இந்த ஆங்கிலச் சொல்லும் நம்மகிட்ட அப்படித்தான் ஆயிடுச்சு. வரி இருக்கு, வலி போயிடுச்சு. (கைதட்டல்)

வலி போகாத இடத்துக்கு வரேன் நடுவர் அவர்களே. அதுக்குத்தான் இந்த மேடைக்கே வந்தேன்.

நான் பள்ளிக்கூடத்துல ஆங்கிலம் நடத்துறவ. கல்குவாரியில ஜல்லி உடைக்கிற ஒரு அம்மா என்கிட்ட வந்து, ‘டீச்சர், ஒரு மனு எழுதித் தாங்க’ன்னு கேட்டாங்க. நாளெல்லாம் சுத்தியல் பிடிச்ச கை. ‘என்னம்மா நடந்துச்சு?’ன்னேன். ‘வீட்டுக்காரரு அடிச்சாரு டீச்சர்.’ அவ்வளவுதான். அதுக்கு மேல வார்த்தை வரல. நானும் ‘அடித்தார்’னு எழுதிக் கொடுத்தேன். ஆங்கிலம் படிச்சவ, எனக்கும் அதுக்கு மேல கேக்கத் தோணல பாருங்க!

துணைக்கு நானும் விழுப்புரம் போனேன். அங்கே இருந்த அலுவலர் அம்மா மனுவைப் படிச்சிட்டு ஒரு தாளை எடுத்தாங்க. 2005ல குடும்ப வன்முறைக்கு எதிரா சட்டம் வந்துச்சே, அதோட 2006 விதிகள்ல இருக்கிற படிவம். உடல் வன்முறைன்னா என்னென்னன்னு அதுல வரிசையா போட்டிருக்கு. பீட்டிங், ஸ்லாப்பிங், ஹிட்டிங், பைட்டிங், கிக்கிங், பஞ்சிங், புஷ்ஷிங், ஷவ்விங். (சிரிப்பு) ஷேவிங் இல்லீங்க, ஷவ்விங். முரட்டுத்தனமா இடிச்சுத் தள்ளுறது.

அந்த அலுவலர் ஒவ்வொண்ணாத் தமிழ்ல கேட்டாங்க. ‘அறைஞ்சாராம்மா?’ ‘ஆமாங்க.’ ‘குத்தினாரா?’ ‘ஆமாங்க.’ ‘உதைச்சாரா?’ அந்த அம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. ‘ஆமா.’ ‘பிடிச்சுத் தள்ளினாரா?’

அதுக்கு அந்த அம்மா சொன்னாங்க: ‘தினம் தள்ளுவாருங்க. போன மாசம் தள்ளித்தான் அம்மிக்கல்லுல மண்டை இடிச்சுது. ஆனா அது அடியில்லீங்களே?’

(அமைதி)

எதிரணி கேக்கலாம். அறை, குத்து, உதை எல்லாம் தமிழ்லயே இருக்கே, ஆங்கிலம் எதுக்குன்னு. நியாயமான கேள்வி. இருக்குங்க, ஒண்ணுக்குப் பத்தா இருக்கு. மொத்து, சாத்து, விளாசு, குட்டு, எதுவும் குறையில்ல. ஆனா வீட்டுக்குள்ள நடந்தா எல்லாத்தையும் ‘அடிச்சாரு’ங்கிற ஒரே முந்தானைக்குள்ள நாம மூடி வச்சிடுறோம். வெளியிலேருந்து வந்த பட்டியல், அந்த முடிச்சை ஒவ்வொண்ணா அவிழ்த்துச்சு. அந்த அம்மா அன்னிக்கு அதே தாள்ல ‘தள்ளினார்’ங்கிறதையும் எழுதச் சொன்னாங்க. கைநாட்டு வைக்கல. பேரை எழுத்துக்கூட்டிக் கையெழுத்தே போட்டாங்க. (பலத்த கைதட்டல்)

திரும்பி வர்ற பஸ்ல என்கிட்ட கேட்டாங்க, ‘டீச்சர், அந்த எட்டையும் என் பொண்ணுக்குச் சொல்லிக் குடுப்பீங்களா?’ன்னு. இங்கிலீஷ்லயா, தமிழ்லயான்னு கேட்டேன். ‘ரெண்டுலயும்’னாங்க.

நடுவர் மணி அடிக்கிறார். இந்த ஒரு அடியை மட்டும் நான் ஏத்துக்கிறேன். (கைதட்டல்)