கிட்னி வருத்தத்துக்குப் பெயர் கேளுங்கள்

(யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற தொழிலாளர் குடும்பங்களின் சுகாதாரக் கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியரும் எமது சங்கத்தின் அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை.)



யாழ்ப்பாணத்தில் தோட்டம் என்றால் வெங்காயமும் புகையிலையும். மலையகத்தில் தோட்டம் என்றால் தேயிலையும் லயமும். 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு வடக்கே வந்து குடியேறிய எங்கள் குடும்பங்கள் இரண்டு தோட்டத்தையும் அறிந்தவை. யாழ் பல்கலைக்கழகத்தில் படிக்கும் எங்கள் பிள்ளைகளும் இன்று வந்திருக்கிறார்கள். எந்தத் தோட்டமானாலும் எங்கள் சனத்தின் வாயில் அடிக்கடி வரும் ஒரு சொல் 'கிட்னி பழுது'. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்வோம். கிட்னி பழுது என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. காய்ச்சல் என்கிறோம், அது டெங்குவாகவும் இருக்கலாம், எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம், வெறும் தடிமனாகவும் இருக்கலாம். அதுபோலத்தான் இதுவும். பல நோய்கள் சிறுநீரகத்தைத் தாக்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, மருந்து வேறு. எந்த நோய் என்று தெரியாமல் சரியான மருந்து கொடுக்க முடியாது.

இலங்கையிலேயே இதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது. 1990களில் வடமத்திய மாகாணத்தில், மதவாச்சி, பதவியா பக்கங்களில், சீனி வருத்தமோ பிரஷரோ இல்லாத விவசாயிகளுக்குச் சிறுநீரகம் செயலிழப்பதை வைத்தியர்கள் கவனித்தார்கள். வவுனியாவிலும் நோயாளர்கள் இருந்தார்கள். அந்த நோயாளர்களின் சிறுநீரகத்திலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்த்தபோது, சேதம் பெரும்பாலும் நுண்ணிய குழாய்களிலும் அவற்றைச் சுற்றிய பகுதியிலும்தான் இருந்தது. வடிகட்டிகளில் தொடங்கிய நோய் அல்ல என்பது அப்போதுதான் தெளிவானது. நீரா, வெப்பமா, பூச்சிமருந்தா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் நோய் சிறுநீரகத்தின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் காட்டியது அந்தச் சிறு துண்டு.

அந்தப் பரிசோதனைக்குப் பெயர் பயொப்சி.

பிள்ளைகள் விஞ்ஞானப் பாடத்தில் கலன்கோளம் என்று படித்திருப்பார்கள். அதுதான் நாம் சொன்ன வடிகட்டி. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 இலட்சம் கலன்கோளங்கள் உண்டு. இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லீற்றர் நீரை இரத்தத்திலிருந்து வடித்தெடுத்து, தேவையானதை உடம்புக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றரை லீற்றர் அளவை மட்டும் சிறுநீராக வெளியே விடுகின்றன. இந்த வடிகட்டிகளில் அழற்சி ஏற்பட்டால் உள்ளே நிற்கவேண்டிய புரதமும் இரத்தமும் வெளியே ஒழுகும். வெளியே போகவேண்டிய உப்பும் நீரும் கழிவும் உடம்பில் தங்கும்.

அதன் அடையாளங்களைத் தாய்மார் மறக்கக்கூடாது. காலையில் எழும்பும்போது கண் இமை வீங்கியிருத்தல், கால் வீக்கம், நுரைத்து நுரை அடங்காத சிறுநீர், பிளேன்டீ நிறத்தில் சிறுநீர், சிறுநீர் குறைதல், இளம் வயதில் பிரஷர். சிலருக்கு இவை எதுவும் தெரியாது. சிறுநீர்ப் பரிசோதனை செய்தால்தான் பிடிபடும்.

அழற்சிக்குக் காரணங்கள் பல. பிள்ளைகளுக்குத் தொண்டை நோவோ சிரங்கோ வந்து ஒன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள் முகம் வீங்கினால், அந்தக் கிருமியை எதிர்த்த உடம்பின் சக்தியே கலன்கோளத்தில் அழற்சியை உண்டாக்கியிருக்கலாம். ஒரே லயக் காம்பராவில் ஏழெட்டுப் பேர் படுக்கும் இடத்தில் சிரங்கு ஒருவரோடு நிற்பதில்லை. எங்கள் பாடசாலையிலும் அப்படி வீங்கிய முகத்தோடு ஒரு மாணவன் வந்தான். நேரத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்த்ததால் சில வாரத்தில் தேறினான். இத்தகைய பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குப் பயொப்சி தேவைப்படாது. எலிக்காய்ச்சலும் சிறுநீரகத்தைத் தாக்கும். 2024 டிசம்பரில் இந்தக் குடாநாட்டிலேயே அது உயிர்களை எடுத்ததை நீங்கள் அறிவீர்கள். அதை இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம், அதற்கு மருந்தும் உண்டு.

வளர்ந்தவர்களுக்கு விடயம் வேறு. லூப்பஸ் என்ற நோய் பெரும்பாலும் இளம் பெண்களுக்கே வருகிறது. மூட்டு நோவு, முகத்தில் சிவப்புத் தடிப்பு, முடி உதிர்தல் என்று தொடங்கிச் சிறுநீரகத்தையும் பிடிக்கும். ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் புரதம் கலன்கோளத்தில் படிந்து வருகிற நோய் இன்னொன்று. சில வாரங்களுக்குள் இரண்டு சிறுநீரகத்தையும் அழித்துவிடும் வேகமான அழற்சியும் உண்டு. வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே வீக்கம், ஒரே பிரஷர்தான். ஒன்றுக்குப் பலமான மருந்து உடனே வேண்டும். இன்னொன்றுக்குப் பிரஷர் குளிசையே போதும். வேறொன்றுக்கு அந்தப் பலமான மருந்து பயனில்லாமல் கெடுதியே செய்யும். இவற்றைப் பிரித்துச் சொல்வதுதான் பயொப்சியின் வேலை.

அதை எப்படிச் செய்கிறார்கள்? முதலில் பிரஷரையும் இரத்தம் உறையும் தன்மையையும் பார்ப்பார்கள். அஸ்பிரின் போன்ற, இரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லவேண்டும். நாமாக நிறுத்தக்கூடாது. பிறகு குப்புறப் படுக்கவைத்து, ஸ்கேனில் சிறுநீரகத்தைப் பார்த்துக்கொண்டே முதுகுப் பக்கம் மரத்துப்போக ஊசி போடுவார்கள். மூச்சைப் பிடிக்கச் சொல்லி, மெல்லிய ஊசியால் நூல் போன்ற துண்டு ஒன்றோ இரண்டோ எடுப்பார்கள். அதன் நீளம் ஒன்று ஒன்றரை சென்ரிமீற்றர்தான். அதன் பின் பல மணிநேரம் மல்லாந்து படுத்திருக்கவேண்டும். அன்றிரவு வார்ட்டில் தங்கச் சொல்வதும் உண்டு.

இனி லயத்தில் பேசப்படும் பேச்சுக்கு வருவோம். "ஊசி குத்தினால் இருக்கிற கிட்னியும் போய்விடும்" என்கிறார்கள். கணக்குப் பாருங்கள். இரண்டு சிறுநீரகத்திலும் சேர்த்து ஏறக்குறைய 20 இலட்சம் கலன்கோளங்கள். அந்தத் துண்டில் போவது பத்து, இருபது, முப்பது. கொழுந்துக் கூடையிலிருந்து ஓர் இலை எடுத்துப் பார்ப்பதைவிடக் குறைவு. ஆபத்தே இல்லை என்று நாம் பொய் சொல்லமாட்டோம். சிலருக்குச் சிறுநீரில் கண்ணுக்குத் தெரியும்படி இரத்தம் போகும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாக நிற்கும். இரத்தம் ஏற்றவேண்டி வருவது மிகச் சிலருக்கு. அதற்காகத்தான் படுக்கவைத்துக் கவனிக்கிறார்கள். வீட்டுக்கு வந்தபின் இரத்தம் கட்டியாகப் போனாலோ, விலாவில் கடும் நோவு வந்தாலோ, தலை சுற்றினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

எமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் இந்தப் பேச்சுக்குப் பயந்து, பயொப்சிக்குத் திகதி கொடுத்தும் போகவில்லை. பயம் பாதிக் காரணம். மீதிப் பாதி, அந்த நாட்களின் சம்பளம். அடுத்த மழைக்காலம் வந்தபோது அவர் கிழமைக்கு இரண்டு தரம் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். பயொப்சி செய்திருந்தால் நிச்சயம் தப்பியிருப்பார் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் அவருக்கு என்ன நோய் என்பதே கடைசிவரை தெரியவில்லை. முழுதாகத் தழும்பாகிச் சுருங்கிப்போன சிறுநீரகத்தில் ஊசி குத்தியும் பயன் இல்லை என்று வைத்தியர்கள் விட்டுவிடுவார்கள். நேரத்தோடு போகவேண்டும் என்பது இதனால்தான்.

எனவே இந்த விடயத்தில் வைத்தியசாலைக்கு எவ்வளவு வேலை இருக்கிறதோ அவ்வளவு சங்கத்துக்கும் இருக்கிறது. பயொப்சி செய்தவர் ஒன்றிரண்டு வாரம் பாரம் தூக்கக்கூடாது. மலைச் சரிவில் கொழுந்துச் சாக்குச் சுமக்கும் பெண்ணுக்கும், இங்கே வெங்காய மூட்டை தூக்கும் ஆணுக்கும் அதன் அர்த்தம் என்ன? இரண்டு வாரம் அடுப்பு எரியாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் பரிசோதனை இலவசம். இலவசமாகக் கிடைப்பதைப் பெறுவதற்கு எங்கள் சனம் நாட்சம்பளத்தை விலையாகக் கொடுக்கிறது.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை.

ஒன்று: தோட்ட மருந்துச் சாலைகளில் சிறுநீர்ப் பரிசோதனைக் குச்சியும் பிரஷர் பார்க்கும் கருவியும் எப்போதும் இருக்கவேண்டும். வருடத்துக்கு ஒரு முறையாவது எல்லாத் தொழிலாளருக்கும் சிறுநீரும் பிரஷரும் பார்க்கவேண்டும்.

இரண்டு: வைத்தியர் எழுதிக் கொடுக்கும் பயொப்சி நாட்களுக்கும் அதன்பின் ஓய்வுக்கும் சம்பளத்துடன் லீவு. திரும்பி வரும்போது இலேசான வேலை.

மூன்று: கிளினிக்குக்குப் போக வாகன வசதி. தமிழில் விளக்கம். தமிழ் தெரியாத நோயாளி எவருக்கும் அவரது மொழியில் விளக்கம். விளங்காத படிவத்தில் கையெழுத்து வாங்கக்கூடாது.

நான்கு: சுத்தமான குடிநீரும், ஒரு காம்பராவில் அடைபடாத வீடும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், மின்நிலையத்தை நடத்திய கம்பெனி 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கவேண்டும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தண்ணீருக்காகக் கேட்டால் சட்டமும் கேட்கும் என்பதற்கு அது சாட்சி.

கோரிக்கை வெல்லும்வரை நாம் செய்யக்கூடியதும் உண்டு. முதுகு நோவுக்குக் கடையில் வாங்கும் நோவுக் குளிசைகளை நாள்கணக்காகப் போடாதீர்கள். அவற்றில் பல சிறுநீரகத்தைப் பழுதாக்கும். கிளினிக் கொப்பியைப் பத்திரமாக வைத்திருங்கள். யாழ் போதனா வைத்தியசாலைக்கோ கண்டி வைத்தியசாலைக்கோ அனுப்பினால் பின்வாங்காதீர்கள். தனியாகப் போகப் பயமென்றால் மாதர் சங்கத் தலைவியிடம் சொல்லுங்கள், ஒருவர் கூட வருவார். வைத்தியரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: "எனக்கு என்ன நோய்? பயொப்சி தேவையா? அதன் முடிவைப் பார்த்து என் மருந்து மாறுமா?" இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நோயாளியின் உரிமை.

இந்த உரையை வாசிக்கத் தெரியாதவர்களுக்கு, வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் வாசித்துக் காட்டுங்கள்.