வாய்ப்பூட்டு போட்ட மரபணு



உட்கரு உள்ள நம் செல்கள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே டி.என்.ஏ.தான். இன்சுலின் மரபணு கண்ணிலும் உண்டு; ஆனால் அது வேலை செய்வது கணையத்தில். எந்த மரபணு எங்கே, எப்போது பேச வேண்டும் என்பதை எது முடிவு செய்கிறது? ஹீமோகுளோபினை மட்டும் வைத்து இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

பெரியவர்களின் ஹீமோகுளோபினில் ஆல்ஃபா சங்கிலி இரண்டு, பீட்டா சங்கிலி இரண்டு. பீட்டாவின் மரபணு 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது. எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு உருவாகும்போது அது தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படும், இடையில் உள்ள தேவையற்ற துண்டுகள் வெட்டப்படும், ரைபோசோம் அதை மும்மூன்று எழுத்தாகப் படித்து அமினோ அமிலங்களைக் கோக்கும். முதிர்ந்த சங்கிலியில் அவை 146. ஆறாவது இடத்துக்குரிய ஜி.ஏ.ஜி., ஜி.டி.ஜி. ஆகிவிட்டால் குளூட்டாமிக் அமிலத்தின் இடத்தில் வாலின் வந்து உட்காரும். மாறியது ஒரே எழுத்து. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மாற்றம் வந்திருந்தால், ஆக்சிஜனை இறக்கிய ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி இழைகளாக நீளும். சிவப்பணு அரிவாளாக வளைந்து நுண்குழாய்களை அடைக்கும். தாங்க முடியாத வலி. நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த அரிவாள் செல் இருப்பதை ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் 1952இல் எழுதினார்கள்.

ஆனால் பிறந்த குழந்தையிடம் இந்நோய் வெளிப்படுவதில்லை. 1948இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஜேனட் வாட்சன் இதைக் கவனித்தார். கருவில் பீட்டாவுக்குப் பதிலாகக் காமா சங்கிலி இருப்பதே காரணம். பிறந்த சில மாதங்களில் காமா அடங்கும், பீட்டா மேலோங்கும், நோய் தலைகாட்டும்.

அடங்கிய மரபணு அழிந்துவிடுவதில்லை. அதற்கு வாய்ப்பூட்டு போடுவது பி.சி.எல்.11ஏ என்ற புரதம் என்று 2008இல் பாஸ்டனில் ஸ்டூவர்ட் ஆர்கின் குழுவினர் காட்டினார்கள். அப்படியானால் அந்தப் புரதத்தை ஒழித்துவிடலாமே என்று தோன்றும். முடியாது, மூளைக்கும் நோய் எதிர்ப்புச் செல்களுக்கும் அது வேண்டும். நல்ல வேளையாக, அதன் மரபணுவுக்குள்ளேயே சிவப்பணு வரிசையில் மட்டும் அதைத் தூண்டிவிடும் ஒரு சிறு பகுதி இருக்கிறது. நோயாளியின் ரத்தத் தண்டு செல்களை வெளியே எடுத்து, கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டு முறையில் அந்த இடத்தை மட்டும் வெட்டித் திரும்பச் செலுத்துகிறார்கள். காமா மறுபடி பேசத் தொடங்குகிறது. பீட்டாவின் பிழையை யாரும் தொடவே இல்லை! இவ்வளவு நேர்த்தியான உத்தியை மருத்துவத்தில் நான் அதிகம் கண்டதில்லை. 2023இல் பிரிட்டனும் அமெரிக்காவும் இதற்கு அனுமதி வழங்கின.

அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். நீலகிரியில் கூடலூர்ப் பக்கத்து மலைக் கிராமத்துக்கு அது எப்போது வரும்? அதுவரை ஹைட்ராக்ஸியூரியா இருக்கிறது. பழைய மருந்து, விலை குறைவு. பலருக்குக் காமாவைக் கூட்டித் தருகிறது. நோய் தலைகாட்டும் முன்பே கண்டுபிடிக்கச் சில சொட்டு ரத்தம் போதும். இங்கே அமர்ந்திருக்கும் வருங்கால மருத்துவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: மலைப்பகுதியில் பணி கிடைத்தால், பிறக்கும் குழந்தைகளுக்கு அந்தச் சோதனையைச் செய்யுங்கள், அந்த மருந்து தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.