வலியைச் சொன்னால் வேஷமா?

(பேரிகையில் பெண் தொழிலாளர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



விடியக்காலையில ரோஜாத் தோட்டத்துக்கும் ஓசூர் கம்பெனி பஸ்ஸுக்கும் ஓடுகிறவர்கள் நாம். மாதவிடாய் வலியில் சுருண்டு விழுந்தால் சூப்பர்வைசர் 'டிமிக்கி குடுக்குறா' என்கிறான். வீட்டில் 'பொம்பளைன்னா அப்படித்தான்' என்கிறார்கள். அஞ்சு வருஷம் கழித்துப் பிள்ளை இல்லையென்றால் அதே வாய் 'மலடி' என்கிறது.

இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவே ஒரு நோய் மறைந்திருக்கலாம். பெயர் எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்சுவர் போன்ற திசு வெளியே, சினைப்பையிலும் கருக்குழாயைச் சுற்றியும் வளர்கிறது. உறுப்புகள் ஒட்டிக்கொள்கின்றன. சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கி 'சாக்லேட் கட்டி' உண்டாகிறது. பிள்ளை பெறும் வயதில் சுமார் 10 சதவீதப் பெண்களுக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கண்டுபிடிக்கவே பல வருஷமாகிறது.

ஏன்? வலியைக் கேட்க ஆளில்லை. 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளின் பெண்கள் சுமார் 100 பேரிடம் பேசியது. மாதவிடாய் வலிக்கு ஆலையிலேயே பெயர் தெரியாத மாத்திரை கொடுத்தது வெளியே வந்தது. மெஷின் நிற்கக் கூடாது, அவ்வளவுதான்! சாதி இந்துவுக்கு நம் உடம்பு தீட்டு. முதலாளிக்கு அது உற்பத்தி. அதுக்கு வலிக்கும் என்பது யாருக்கும் தெரியாது.

பிறகு கடன் வாங்கி ஐ.வி.எஃப். சிகிச்சைக்கு ஓடுகிறோம். நோய் முற்றியிருந்தால் சினைமுட்டை குறைவாகத்தான் கிடைக்கிறது. முட்டை குறைந்தால் கருவும் குறைகிறது. இன்னொரு சுற்று, இன்னொரு கடன். 'முதலில் கட்டியை அறுத்துடலாம்' என்றால் உடனே தலையாட்டாதீர்கள். கட்டியோடு நல்ல முட்டைகளும் போகலாம். ஐ.வி.எஃப். பலனைக் கூட்டுவதற்காக மட்டும் வழக்கமாக அறுக்க வேண்டாம் என்று ஐரோப்பிய மருத்துவர் சங்கம் 2022இல் வழிகாட்டியது. தாங்க முடியாத வலி, சந்தேகத்துக்குரிய கட்டி என்றால் வேறு விஷயம். அப்போதும் அறுக்கும் முன் முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். புருஷனையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

பயமுறுத்தப் பேசவில்லை. இந்த நோயோடு இயல்பாகவே கருத்தரித்தவர்கள் நிறைய. லேசான நிலையில் ஐ.வி.எஃப். பலனும் மற்றவர்களுக்கு ஏறக்குறைய சமம். பிள்ளை பெறாதவளும் முழு மனுஷிதான்.

பதினஞ்சு வயசுப் பொண்ணு 'வலிக்குதும்மா'ன்னு மாசாமாசம் அழுதா, சுக்குக் கஷாயத்தோட நிறுத்தாதீங்க. அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ஸ்கேன்ல ஒண்ணும் தெரியலைன்னாலும் நோய் இல்லைன்னு அர்த்தமில்லை, மறுபடியும் கேளுங்க. தனியாப் போனா விரட்டுவான். பத்துப் பேராப் போவோம்.