வரைபடத்தில் ஏறாத வீடு

(புதுச்சேரியில் ஓவிய மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புதுச்சேரி வீடு ஒன்றை வரையச் சொன்னால் கை தானாகவே திண்ணை, தூண், முற்றம், ஓட்டுக்கூரை என்று போகும். சுற்றுலாக் கையேடுகளும் நாள்காட்டிகளும் நம் கண்ணை அப்படிப் பழக்கி வைத்திருக்கின்றன. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் அந்த வீட்டில் பிறந்தோம்?

இந்தக் கேள்வியோடு யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனனின் ஒரு நூலைப் பார்க்கலாம். 2011இல் வெளிவந்தது. பெயர் ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’, அதாவது முற்றுப்பெறாத தோம்பு. போரில் வீட்டை விட்டு ஓடிய தமிழ் பேசும் மக்களிடம் போய், இழந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்து தரச் சொன்னார். ஓவியம் படித்தவர்கள் இல்லை. கை போன போக்கில் கோடு இழுத்தார்கள். அதன்மேல் ஒரு கட்டடக்கலைஞர் அளவான வரைபடம் போட்டார். சனாதனன் தன் பங்குக்கு ஓர் ஓவியம் தீட்டினார். கூடவே அவரவர் சொன்ன கதை. இடிந்துபோன வீடு இப்படித் தாளில் திரும்பி வந்தது.

தோம்பு என்பது டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தில் எழுதிவைத்த பதிவேடு. காணி யாருக்கு, வரி எவ்வளவு, ஆள் என்ன சாதி, என்ன ஊழியம் செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். 1707இல் அவர்கள் தொகுத்த தேசவழமை, அடிமைகளைப் பற்றியும் விதி சொல்கிறது. அரசாங்கம் எழுதிய அந்த ஏட்டின் பெயரை எடுத்து, அகதிகளின் பென்சில் கோடுகளுக்குச் சூட்டியதுதான் இந்த நூலின் அரசியல்.

அங்கிருந்து ஓர் அடி முன்னே வைக்க விரும்புகிறேன். காணியே இல்லாதவர் எந்த வீட்டை வரைவார்? யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்களில் பலர் பிறர் காணியில் குடியிருந்தவர்கள். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எல்லாச் சாதியினரும்தான் துரத்தப்பட்டார்கள். பணமும் உறவும் இருந்தவர்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். பல ஆண்டுகள் கழித்தும் முகாம்களில் மிஞ்சியவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஒரே குண்டுதான் விழுந்தது. இழப்பு ஒன்றாக இல்லை.

நம் ஊருக்கு வருவோம். 1693 முதல் 1699 வரை புதுச்சேரியும் டச்சுக்காரர் கையில்தான் இருந்தது. நேர்கோட்டுத் தெருக்களுக்கான 1694ஆம் ஆண்டுத் திட்டப்படம் அவர்கள் போட்டது. பிறகு பிரெஞ்சு ஆட்சியில் வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம். கறுப்பு நகரத்துக்குள்ளே வெள்ளாளர் வீதி, செட்டித் தெரு, வைசியாள் வீதி. இதில் வைசியாள் வீதியைப் புதுப்பித்ததற்கு 2008இல் யுனெஸ்கோ ஆசிய-பசிபிக் மரபு விருது கிடைத்தது. மரபைக் காப்பது நல்லதுதான். ஆனால் சேரியின் மண்சுவரை மரபு என்று சொல்லிப் புதுப்பித்தவர் யார்?

சம்பா கோவிலுக்குள் ஒடுக்கப்பட்ட கிறித்தவர்களைப் பிரித்து ஒரு சுவர் நின்றது. 1745இல் அது இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். நாம் படிப்பது அவர் நின்ற இடத்திலிருந்து தெரிந்த சுவரை. மறுபக்கம் நின்றவரின் கண்ணுக்கு அது எவ்வளவு உயரமாக இருந்திருக்கும்? அதை ஓர் ஓவியர்தான் சொல்ல முடியும்.

வீட்டின் நினைவு எல்லோருக்கும் இனிப்பாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மழைக்கு ஒழுகிய இடம், பாத்திரம் வைத்த மூலை, எந்தத் தெரு வழியாகப் போகக்கூடாது என்று அம்மா சொல்லி அனுப்பியது, இவையும் நினைவுதான். அழகாக இல்லையே என்று தயங்காதீர்கள். உங்கள் பாட்டி கையில் ஒரு பென்சிலைக் கொடுங்கள். அவர் பிறந்த வீட்டை வரையச் சொல்லுங்கள். அடுப்பு எங்கே, தண்ணீர் எடுக்க எவ்வளவு தூரம், ஊர்க் கிணறு எந்தப் பக்கம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கோணல் கோட்டைத் திருத்தாதீர்கள். தேதி போட்டு வையுங்கள்.

பட்டா இல்லாத வீட்டுக்கு அதுதான் முதல் பத்திரம்.