தெரபிஸ்ட் மேல கோபம் வந்தா நிறுத்திடலாமா?

இன்னைக்கு ஒரே ஒரு கேள்வி. "மூணு மாசமா தெரபி போறேன். இப்ப தெரபிஸ்டைப் பார்த்தாலே கோபம் வருது. நிறுத்திடலாமா?"

பதிலுக்கு 1900-ம் வருஷ வியன்னாவுக்குப் போகணும். ஃப்ராய்டுகிட்ட பதினெட்டு வயசை நெருங்கிட்டிருந்த ஒரு பொண்ணு வர்றாங்க. அவர் எழுத்துல அவங்க பேரு டோரா. அப்பாவோட நண்பர் தன்கிட்ட தப்பா நடந்துக்கிட்டார்னு வீட்ல சொல்லியிருக்காங்க. அப்பா நம்பல. அந்த நண்பரோட மனைவிக்கும் அப்பாவுக்கும் உறவு இருந்தது. அந்த அப்பாதான் பொண்ணை ஃப்ராய்டுகிட்ட அனுப்பினார்.

அக்டோபர்ல ஆரம்பிச்ச சிகிச்சை. டிசம்பர் 31-ம் தேதி, "இன்னையோட போதும்"னு டோரா கிளம்பிட்டாங்க. 1905-ல இந்தக் கேஸை வெளியிட்டப்போ, தான் ஒண்ணைச் சரியான நேரத்துல கவனிக்கத் தவறிட்டதா ஃப்ராய்டே ஒத்துக்கிட்டார். அதுதான் ட்ரான்ஸ்ஃபரன்ஸ். அப்பா, அம்மா மாதிரி நமக்கு முக்கியமானவங்க மேல இருந்த பாசம், பயம், கோபம் எல்லாத்தையும் நமக்கே தெரியாம தெரபிஸ்ட் மேல கொண்டுவந்து வைக்கிறது. அந்த நண்பர் மேல இருந்த கோபத்தைத்தான் டோரா தன்மேல தீர்த்துக்கிட்டாங்கன்னு அவர் நினைச்சார்.

அது பாதி உண்மையா இருக்கலாம். மீதிப் பாதி? நடந்த சம்பவத்தை ஃப்ராய்ட் நம்பினார். ஆனா, "உள்ளுக்குள்ள உனக்கு அவர் மேல காதல்தான்"னு திரும்பத் திரும்பச் சொன்னார். தன் பேச்சைக் கேட்காத இன்னொரு பெரியவரா அவர் தெரிஞ்சிருந்தா, அதுல என்ன ஆச்சரியம்?

அதனால உங்க கோபத்துல பழசும் இருக்கலாம், நிஜமாவே இப்ப நடந்த தப்பும் இருக்கலாம். ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கிற இடம் அந்த அறைதான்.

ஒரு உதாரணம். தெரபிஸ்ட் பத்து நிமிஷம் லேட். நீங்க சிரிச்சுக்கிட்டே "பரவால்ல"ன்னு சொல்றீங்க. அடுத்த வாரம் போகவே பிடிக்கல. அதை அப்படியே சொல்லிப் பாருங்க. நல்ல தெரபிஸ்ட் முதல்ல தாமதத்துக்கு மன்னிப்பு கேட்பாங்க. அப்புறம், "இந்தப் 'பரவால்ல'வை வேற யார்கிட்ட எல்லாம் சொல்றீங்க?"ன்னு கேட்பாங்க. சைக்கோடைனமிக் தெரபியோட வேலை அங்கதான் தொடங்குது.

ஜோடியா போனாலும் இதேதான். ரெண்டு பேருமே தெரபிஸ்டை நீதிபதி ஆக்கப் பார்ப்பாங்க. குழுவா உட்கார்ந்தா, வீட்ல எல்லாருக்கும் பஞ்சாயத்து பண்றவங்க அங்கேயும் மத்தவங்களுக்கு அட்வைஸ் சொல்லிட்டு, தன் கதையை மட்டும் சொல்லாம தப்பிச்சுக்குவாங்க.

ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லிடறேன். தெரபிஸ்ட் உங்ககிட்ட பாலியல் ரீதியா நடந்துக்கிட்டாலோ, அவமானப்படுத்தினாலோ, உங்க ரகசியத்தை வெளிய பேசினாலோ, அங்க உட்கார்ந்து விளக்கம் சொல்ல வேண்டியதில்ல. கிளம்பிடுங்க.

மத்தபடி, நிறுத்தறதும் உங்க உரிமைதான். மெசேஜ் போட்டு முடிச்சுக்காம, இன்னும் ஒரே ஒரு தடவை நேர்ல போய், "உங்க மேல கோபமா இருக்கேன்"னு சொல்லிப் பாருங்க. நம்மள்ல பல பேர் வாழ்க்கையில ஒரு தடவைகூட யார்கிட்டயும் முகத்துக்கு நேரா சொல்லாத வாக்கியம் அது.